பட்டம் பெற்றோம், கணக்கு கற்றோமா?

(வணிகர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



வணிகவியல் படிக்கும் ஒரு தம்பியிடம் கேட்டேன்: "400 ரூபாய்க்கு வாங்கிய சேலைக்கு 25 சதவீதம் லாபம் வைத்தால் என்ன விலை?" 500 என்றார். சரி. "அந்த விலையில் 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால்?" "வைத்ததைத்தானே கழிக்கிறோம் ஹஜ்ரத், அசல் வந்துவிடும்" என்றார். வருமா? 500-இல் 25 சதவீதம் 125. கைக்கு வருவது 375. சேலைக்கு 25 ரூபாய் நட்டம்! நூறு சேலை விற்றால் 2,500 ரூபாய் போச்சு!

அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவில் ஷேன் ஃபிரெடெரிக் என்ற ஆய்வாளர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களான 3,428 பேரிடம் மூன்று சிறு கணக்குகளைக் கொடுத்தார். முடிவை 2005-இல் வெளியிட்டார். அதில் ஒன்று: மட்டையும் பந்தும் சேர்ந்து ஒரு டாலர் 10 சென்ட். பந்தைவிட மட்டை ஒரு டாலர் அதிகம். பந்து எவ்வளவு? உடனே நாக்கில் வருவது 10 சென்ட். விடையோ 5 சென்ட்! மூன்றையும் சரியாகப் போட்டவர்கள் 17 சதவீதம். ஒன்றுகூடச் சரியாகப் போடாதவர்கள் 33 சதவீதம்.

அவர்களுக்குக் கூட்டல் தெரியாதா? தெரியும். முதலில் தோன்றியதைச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். கையில் கால்குலேட்டர் இருக்கிறதே என்கிறீர்களா? எதை எதனால் பெருக்குவது என்பதை அது சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைக் கணக்கு தவறினால் பணம் போகும். பாகப்பிரிவினைக் கணக்கு தவறினால் பிறர் உரிமை போகும். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு ஒருவர் மரணிக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. 24 பாகமாக்குங்கள்: மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இந்த எளிய பின்னத்தைப் போடத் தெரியாத வீட்டில், "ஏதோ கொடுத்ததை வாங்கிக்கொள்" என்று ஒதுக்கப்படுபவள் யார்? அந்த மகள்தான்! ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரா நூலின் ஒரு பெரிய பகுதி வாரிசுரிமைக் கணக்குகள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வணிகப் பெருமக்களே! கல்லூரி விடுமுறையில் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வையுங்கள். பில்லை முதலில் மனக்கணக்காகப் போடச் சொல்லுங்கள். பிறகு இயந்திரத்தில் சரிபார்க்கட்டும். தம்பிகளே! தெரியவில்லை என்றால் கேட்க வெட்கப்படாதீர்கள். தவறான கணக்கில் கையெழுத்துப் போடத்தான் வெட்கப்பட வேண்டும்!