பிரஷ் முலாமுக்கு ஏற்ற கைக்கருவி
(ஆவடியில் சங்கத்தாரிடைப் பேசியது)



முலாம் பூசுதல் நம் கம்மியர் குலத்தார்க்குப் புதிய வித்தையன்று. ஆயினும், 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி உருவான இவ்வாவடியிலும், அடுத்துள்ள அம்பத்தூரிலும் இரும்புப்பட்டறை வேலை வேறு விதம். பேரிங் அமருமிடத்தில் இம்மியளவு தேய்ந்த ஷாப்டைத் தொட்டியில் அமிழ்த்தாமல், தேய்ந்தவிடத்தில் மட்டும் நிக்கல் ஏற்றிச் சீர்செய்வதே பிரஷ் முலாம். மின்சாரத்தின் எதிர்முனை பொருளிலும், நேர்முனை கைக்கருவியிலும் சேரும்.

காரியத்தின் வெற்றி பெரிதும் கருவித் தேர்விலே உள்ளது. கிராபைட் முனை பொருளின் வடிவுக்கு இணங்க வேண்டும்: ஷாப்டுக்குக் குழிந்தது, துவாரத்துக்கு உருண்டது, சமதளத்துக்குத் தட்டையானது. பரப்புக்கு மிகச் சிறிய முனை காலத்தை வீணாக்கும். கை அசையாது நின்றவிடத்தில் முலாம் கருகும். சுற்றிய பஞ்சு கிழிந்து முனை உலோகத்தைத் தீண்டினால், பொறி பறந்து பொருள் வடுப்படும்.

யாவற்றினும் முக்கியமானது, ஒரு திரவத்துக்கு ஒரு கருவி என்னும் நியமம். செம்புத் திரவம் தோய்ந்த பஞ்சை நிக்கலுக்கு எடுத்தால் முலாம் கெடும். செலவுக்கஞ்சி ஒன்றையே வைத்து ஒப்பேற்றுவாரும் உளர். உரிந்த முலாம் பேரிங்கையும் கெடுத்தபின், இழந்த நம்பிக்கையை எதனால் பூசி மீட்பது?

சில திரவங்களில் சயனைடு உண்டு. அமிலம் கலப்பின் உயிர்கொல்லும் வாயு எழும். ஆதலால் கையுறையும் காற்றோட்டமும் கருவியோடு ஒருங்கே எண்ணத்தக்கவை.

தனித்து வாங்கவியலாத சிறு பட்டறையார் ஒன்றுகூடி, திரவத்துக்கொன்றாய்ப் பெயர் பொறித்த கருவிகளைப் பொதுவில் வைத்துக்கொள்வாராக. நம் பிள்ளைகளின் உயிரும் பெயரும் ஒருங்கே காக்கப்படும்.