எடின்பரோவில் ஒரு நாள் நடை
(நம் குடியிருப்பின் மாலைச் சந்திப்பில் பேசியது)

"ஸ்காட்லாந்து போய் வந்ததைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னால் டிபன் ஆறிவிடும். எடின்பரோவில் நானும் என் மனைவியும் நடந்தே சுற்றிய ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

பழைய நகரத்தின் நடுவே ராயல் மைல் என்று ஒரு தெரு. மேலே பாறை உச்சியில் கோட்டை, கீழே ஹோலிரூட் அரண்மனை. நடுவில் சுமார் 1.8 கிலோமீட்டர். கோட்டையிலிருந்து தொடங்கினால் வழி முழுக்க இறக்கம். மூட்டுவலி உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தரை கல் பாவியது, அதனால் நல்ல ஷூ அவசியம். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

கோட்டையைப் பார்த்து முடிக்கவே மதியமாகிவிட்டது. அங்கே 1 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிபார்ப்பதற்காக 1861இல் தொடங்கிய வழக்கம், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வெடிக்கும் என்று தெரிந்தும் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கி வரும்போது என்னை நிறுத்தியவை வீடுகள்தான். 400 வருஷத்துக்கு முன்பே அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்திருக்கிறது! ஒடுங்கிய மேடு, சுற்றிலும் மதில். ஊர் பக்கவாட்டில் வளர இடமில்லாமல் மேலே வளர்ந்தது. ஆறு மாடி, ஏழு மாடி, லிஃப்ட் இல்லை, குழாய் இல்லை. பணக்காரரும் ஏழையும் ஒரே படிக்கட்டில் ஏறினார்கள். கழிவு நீரை "கார்டிலூ" என்று கத்திவிட்டு ஜன்னல் வழியே ஊற்றுவார்களாம். 1617இல் தாமஸ் கிளாட்ஸ்டோன் என்ற வியாபாரி வாங்கி, மாடி மாடியாக வாடகைக்கு விட்ட வீடு இன்றும் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம்.

செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தைத் தாண்டி இன்னும் கீழே போனால் பெய்ஸ்லி க்ளோஸ் என்று ஒரு சந்து. நுழைவாயில் வளைவின் மேல் ஒரு சிறுவனின் முகத்தைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 1861 நவம்பர் 24 அதிகாலையில், எல்லோரும் தூங்கும்போது, அங்கிருந்த பழைய அடுக்குமாடி வீடு அப்படியே சரிந்தது. 35 பேர் இறந்தார்கள். இடிபாட்டைத் தோண்டியவர்களுக்கு அடியிலிருந்து ஒரு பையனின் குரல் கேட்டது. தான் இன்னும் சாகவில்லை, விடாமல் தூக்குங்கள் என்றான். பிழைத்துவிட்டான். அந்த வார்த்தைகளையும் முகத்தோடு சேர்த்துச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான், 1862இல், நகரத்துக்கு முதல் சுகாதார அதிகாரியாக ஹென்றி லிட்டில்ஜான் என்ற மருத்துவரை நியமித்தார்கள். அவர் நெரிசலான வீடுகளின் நிலையை ஆராய்ந்து 1865இல் அறிக்கை கொடுத்தார். 1867இல் நகரச் சீரமைப்புச் சட்டம் வந்தது. எல்லாம் 35 உயிர் போன பிறகு.

மீதித் தூரம் நாங்கள் அதிகம் பேசவில்லை. அரண்மனையையும் பார்த்தோம். ஆனால் மனசில் நின்றது அந்தப் பையனின் முகம்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம் கார் பார்க்கிங் தூண்களில் விரிசல் இருக்கிறது, இன்ஜினியரை வைத்துப் பார்க்கலாம் என்று போன ஜெனரல் பாடியில் பேச்சு வந்தது. "செலவு அதிகம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அடுத்த கூட்டத்தில் என் கை வேறு பக்கம் இருக்கும். என் பங்குத் தொகையை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

டிபன் இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன்.