கடைமடைக்கு வராத மின்சாரம்

(வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தைச் செயல்பாட்டோடு நடத்துவது எப்படி என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் ஒரு பழைய காரைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன். அது வாசலில் நிற்கவில்லை, பேச்சில்தான் வரும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரை மூத்த ஆசிரியர்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த வண்டி. முன்பக்க பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே பாகமாக முன்னோக்கித் திறக்கும். அப்படி ஒரு வண்டி திருவையாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில், தெரிந்தவர் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றது. ஒரு பக்கம் நெல் மூட்டை, மறுபக்கம் வைக்கோல்போர். குடும்பத்தார் அதைப் புதுப்பிக்க முடிவு செய்து, பட்டறைக்கு அனுப்பிப் புது பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் விளக்குகள் சரியாக எரியவில்லை.

வயரிங்கைச் சரிசெய்யும் வேலை எங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவரிடம் வந்தது. இப்போது அவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மல்டிமீட்டரோடு போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே பார்த்ததில் மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன். மூன்றும் நம் பாடநூலில் இருப்பவை.

முதல் செய்தி, பேட்டரியை இணைப்பதற்கு முன் செய்ய வேண்டியது. டெல்டாவில் நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி கடித்து உறை போன வயர் எங்காவது உடல் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், பேட்டரியை இணைத்த நொடியில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து வயர் தீப்பிடிக்கும். அந்தக் கால வண்டிகள் பலவற்றில் இரண்டு ஃபியூஸ்தான் உண்டு. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இருக்காது. அதனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைப் பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவே தொடர் இணைப்பில் வைத்தார். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் இந்த பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அப்போதும் ஓடக்கூடிய மின்னோட்டம் 21-ஐ 12-ஆல் வகுத்தால் வருகிற 1.75 ஆம்பியர்தான், வயருக்கு ஆபத்து இல்லை. எல்லா சுவிட்சும் அணைந்த நிலையில் பல்பு எரியாமல் இருந்தால்தான் அடுத்த வேலை. தொடர் இணைப்பு எதற்குப் பயன்படும் என்று மாணவர் கேட்டால், இதைச் சொல்லலாம்.

எந்த வயர் எங்கே போகிறது என்பதற்கு நிறம் வழிகாட்டும். லூகாஸ் நிறுவனத்தின் நிற முறையைப் பிரிட்டிஷ் வகை வண்டிகள் பலவும் பின்பற்றின. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது; வெள்ளை இக்னிஷன் சாவி வழியாக வருவது; பச்சை அதன்பின் ஃபியூஸைத் தாண்டியது; நீலம் ஹெட்லைட்; சிவப்பு பார்க்கிங், டெயில் விளக்குகள்; கறுப்பு எர்த். அறுபது ஆண்டு அழுக்கில் எல்லாமே பழுப்பாகத் தெரியும். சுற்றியிருக்கும் டேப்பை ஓரிடத்தில் பிரித்தால் உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும். இன்னொன்றையும் முதலிலேயே பார்க்க வேண்டும்: 1960-கள் வரை வந்த அவ்வகை வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கம் அதற்கு நேர்மாறு.

இரண்டாவது செய்தி, இடப்பக்க ஹெட்லைட். மங்கலாக எரிந்தது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் முழுசாக 12 வோல்ட் காட்டியது. பல்பை மாட்டி எரியவிட்டுப் பார்த்தால் 9.6 வோல்ட். மீதி 2.4 வோல்ட் எங்கே போனது?

விடை ஓம் விதியில் இருக்கிறது. 45 வாட் பல்பின் இழைக்கு, எரியும்போது மின்தடை ஏறத்தாழ 3.2 ஓம். வழியில் ஒரு கெட்ட இணைப்பு 0.8 ஓம் தடை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 ஓம்; மின்னோட்டம் 3 ஆம்பியர். இழைக்குக் கிடைப்பது 9.6 வோல்ட், கெட்ட இணைப்பு விழுங்குவது 2.4 வோல்ட். இழையின் தடை சூட்டைப் பொறுத்துச் சற்று மாறும் என்றாலும் வகுப்புக்கு இந்தக் கணக்கு போதும். ஐந்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் குறைந்ததற்கே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பல்பைக் கழற்றினால்? மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் சுழி என்றால், தடை எவ்வளவு இருந்தாலும் இழப்பும் சுழி. அதனால்தான் மீட்டர் 12 காட்டியது. வேலை செய்யாத நேரத்தில் கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பாகத்தான் தெரியும். பழுதைச் சுமையோடுதான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் விவசாயி கல்லணையிலிருந்து ஒவ்வொரு அடியாக நடந்து வருவதில்லை. வாய்க்காலின் நடுவே ஒரு மதகில் போய்ப் பார்ப்பார். அங்கே தண்ணீர் இருந்தால் அடைப்பு அதற்குக் கீழே, இல்லாவிட்டால் மேலே. பிறகு மிஞ்சிய பாதியின் நடுவே. சுற்றில் எட்டு இணைப்புகள் இருந்தால் மூன்று சோதனையில் பழுதான இணைப்பைப் பிடித்துவிடலாம்.

வடிகாலையும் மறக்கக் கூடாது. பாய்ச்சலை மட்டும் பார்த்து வடிகாலை விட்டுவிட்டால் சம்பா நீரில் அழுகும் என்று டெல்டாப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரில் எர்த்துதான் அந்தத் திரும்பும் வழி. ஆனால் இந்த உவமையின் எல்லையையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் கசியும், ஆவியாகும். வழியில் குறைந்துகொண்டே போகும். மின்னோட்டம் அப்படிக் குறைவதில்லை. தொடர் சுற்றில் போன 3 ஆம்பியரும் திரும்பி வரும். குறைவது மின்னழுத்தம்.

விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்தில் வைத்துக்கொண்டு தேடினோம். பானெட் தகட்டில் சுழி. தகட்டில் முடுக்கியிருந்த எர்த் வயரின் வளையத்தில் 2.4 வோல்ட். ஒரு போல்ட்டின் தடிமனுக்குள் பழுது. போல்ட் உட்காரும் இடத்திலும் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த மாணவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. போல்ட்டில் விரலை வைத்து, "சார், இங்க தொட்டுப் பாருங்க, சுடுது" என்றார். 2.4 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்கினால் 7.2 வாட். ஜூல் வெப்ப விதியை அவர் விரலால் படித்திருந்தார். உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிந்ததும் வளையத்தை முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மூன்றாவது செய்தி ஒரு புதிர். இதை வகுப்பில் போட்டால் மணி அடித்தது தெரியாது.

பின்பக்க விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் எர்த் பொது. இந்த வண்டியில் விளக்கைப் போட்டால் இடப்பக்க டெயில் மங்கலாக எரிந்தது. பிரேக்கை மிதித்தால் பிரகாசமாக வேண்டிய அது முழுவதும் அணைந்தது! ஏன்?

அந்த ஹோல்டருக்கு எர்த் இல்லை. திரும்பும் வழி அடைபட்ட மின்னோட்டம் வேறு வழி தேடியது. டெயில் இழையைத் தாண்டி, அதே பல்பின் பிரேக் இழைக்குள் புகுந்து, பிரேக் வயர் வழியாக வலப்பக்க பல்பின் பிரேக் இழைக்குப் போய், அங்கே இருந்த நல்ல எர்த்தை அடைந்தது. மூன்று இழைகள் தொடரில், ஆகவே மங்கல். டெயில் இழையின் தடை 28.8 ஓம், பிரேக் இழையின் தடை சுமார் 7 ஓம். எனவே கண்ணுக்குத் தெரிந்தது டெயில் மட்டும். பிரேக்கை மிதித்ததும் பிரேக் வயருக்கும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இப்போது டெயில் இழையின் இரு பக்கமும் 12 வோல்ட். வேறுபாடு சுழி, மின்னோட்டமும் சுழி. 'மின்னழுத்த வேறுபாடு' என்ற சொல்லில் 'வேறுபாடு' எதற்காக இருக்கிறது என்று விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆசிரியர்களே, இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இளைஞர் பத்தாம் வகுப்பில் அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி பெற்றவர். இன்று ஒரு சுற்றைப் பார்த்தால் பழுதின் இருப்பிடத்தை ஊகிக்கிறார். ஆனால் அது ஓம் விதி என்று அவருக்குத் தெரியாது. ஓம் விதியை நூற்றுக்கு நூறு எழுதிய பிள்ளைக்கோ, எரியாத விளக்கின் முன் எங்கே தொடங்குவது என்று தெரியாது. இரண்டு பேரும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள். நாம் பெரும்பாலும் கேட்பது "விதியைக் கூறு", "சுற்றை வரை". "இந்தச் சுற்று வேலை செய்யவில்லை, முதலில் எங்கே பார்ப்பாய், ஏன்?" என்று கேட்பது அரிது. அப்படிக் கேட்டால் பின் பெஞ்சிலிருந்தும் கை உயரும்.

எங்கள் பள்ளியில் செய்வது இது. ஒரு பலகை, இரண்டு டார்ச் செல், இரண்டு சிறு பல்பு, ஆறேழு ஆணி இணைப்புகள். ஓர் ஆணியில் நகப்பூச்சு தடவிவைப்போம். ஒரு வயரை உறைக்குள்ளேயே அறுத்துவைப்போம். நான்கு பேர் கொண்ட குழு பழுதைத் தேட வேண்டும். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் "இங்கே என்ன எதிர்பார்க்கிறேன்" என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் தொட்டால் அது சோதனைக் கணக்கில் சேராது. ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு இதை வானவில் மன்றத்திலேயே செய்யலாம். கோவை பக்கம் கல்விச் சுற்றுலா போனால், அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு நினைவாக அமைந்த கார் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையில் டார்ச் செல் மட்டும். வீட்டு மின்சாரத்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது. கார் பேட்டரி 12 வோல்ட்தானே என்று விட்டுவிடவும் கூடாது. ஷாக் அடிக்காவிட்டாலும், குறுக்குச்சுற்றானால் வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும், தீப்பொறி ஆகாது. ஃபியூஸ் போனால் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றிவைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. நம் மாணவர்களில் சிலர் நாளை பட்டறைக்குத்தான் போவார்கள். ஃபியூஸ் ஏன் போனது என்று தேடுபவராகப் போகிறாரா, வெள்ளித் தாளைச் சுற்றுபவராகப் போகிறாரா என்பதில் ஓர் ஓட்டுநரின் உயிர் இருக்கிறது. அந்த இரண்டில் எது என்பதை முடிவுசெய்ய நமக்கு வாரத்தில் சில பாடவேளைகள் கிடைக்கின்றன.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு பழுதான பலகை செய்து கொண்டுவாருங்கள். நாம் ஒருவர் பலகையில் இன்னொருவர் பழுது தேடிப் பார்ப்போம்.