பெட்டி இராட்டையைப் பூட்டும் முறை

(தில்லியில் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடியிருப்பின் பரண்களில் உறங்கும் பெட்டி இராட்டைகள் சில உள. பாட்டனார் நூற்றது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அவர்களும் மூடியைத் திறந்து, சக்கரத்தை ஒரு முறை சுழற்றிப் பார்த்து, மூடிவிடுகின்றனர். பொருள் இருக்கிறது, அதைப் பூட்டி நூற்கும் கைப்பழக்கம் நம்மிடையே அருகி வருகிறது. ஆதலின் இராட்டையின் பெருமையைச் சுருக்கி, அதைப் பூட்டும் முறையையே இன்று பேசுவோம்.

பரணில் கிடப்பது புதிய செய்தியும் அன்று. காந்தியடிகள் இராட்டை தேடிய நாளில், கங்காபென் மஜ்முதார் என்னும் அம்மையார் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதைக் கண்டறிந்தார். அங்கும் பலர் வேண்டாப் பொருளென்று இராட்டையைப் பரணில்தான் ஏற்றி வைத்திருந்தனர். பஞ்சுத் திரி தருவாரும், நூலை வாங்குவாரும் இருந்தால் மீண்டும் நூற்போம் என்றனராம். அடிகளின் சத்திய சோதனையில் இதைக் காணலாம். 1929ஆம் ஆண்டில் சிறந்த இராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது. எவரும் அதைப் பெறவில்லை. 1930களின் தொடக்கத்தில் எரவாடாச் சிறையில் அடிகள் செம்மைப்படுத்திய வடிவமே பெட்டி இராட்டை; எரவாடா இராட்டை என்றும் அதற்குப் பெயர் உண்டு. பின்னாளில் வந்த அம்பர் இராட்டை, தமிழராகிய ஏகாம்பரநாதன் அவர்களின் ஆக்கம். அவர் பெயரின் ஒரு பகுதியே அதற்குப் பெயராயிற்று. அதில் கதிர்கள் பல. நாம் பேசப்போவது ஒற்றைக் கதிர் இராட்டையைப் பற்றியே.

பெட்டியைச் சமதரையில் வைத்துத் திறப்போம். உள்ளே சக்கரங்கள் இரண்டு. கைப்பிடியுள்ள பெரிய சக்கரம் ஒரு மாலால் சிறிய சக்கரத்தின் நடுக் கப்பியைச் சுழற்றுகிறது. சிறிய சக்கரம் மற்றொரு மாலால் கதிரைச் சுழற்றுகிறது. இங்ஙனம் வேகம் இரு படியாக ஏறுவதால், நாம் கையால் ஒரு சுற்றுச் சுற்றக் கதிர் பல பத்துச் சுற்றுச் சுற்றுகிறது. பெரிய சக்கரத்தின் வேலையைக் கையகலப் பெட்டிக்குள் அடக்கிய நுட்பம் இதுவே.

முதலில் பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அச்சுகளுக்கு ஒரு துளி எண்ணெய் இடுக. மாலின்மேல் எண்ணெய் படலாகாது, பட்டால் வழுக்கும். மால் நைந்திருப்பின், பருத்தி நூல் பல இழைகளை ஒன்றாக முறுக்கித் தேன்மெழுகு தடவிப் புதிது செய்துகொள்ளலாம். முடிச்சுச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய முடிச்சு கதிரின் கப்பியைக் கடக்கும்போதெல்லாம் கதிர் துள்ளும். துள்ளிய இடத்தில் நூல் அறும். மால் இறுகினால் கை வலிக்கும், தளர்ந்தால் சுற்றும்போது நழுவும். நழுவாத அளவுக்கு இறுக்கம் போதும். அதற்கு மேல் வேண்டா.

இனிக் கதிர். பெரும்பாலான தொல்லைக்கு இதுவே காரணம். பஞ்சு இல்லாமல் வெறுமனே சுழற்றி, முனையை உற்று நோக்குக. முனை ஒரு புள்ளியாகவே நின்றால் நன்று. சிறு வட்டமாகத் தோன்றினால் கதிர் வளைந்துள்ளது. வழவழப்பான பலகையில் உருட்டி, மேடு தட்டும் இடத்தை மரச்சுத்தியால் மெல்லத் தட்டி நேராக்க வேண்டும். மால் அடிக்கடி கழன்று விழுந்தால், மாலைக் குறைகூறுவதில் பயனில்லை. கதிரின் தாங்கி இடம் பெயர்ந்திருக்கும். அதைச் சற்றே நகர்த்திப் பார்க்க வேண்டும். அறிவைக் கதிருக்கு உவமித்த பாட்டு நன்னூலில் உண்டு. எழுதியவர் நூற்பதை அருகிருந்து கண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

பின்னர், முன்பே நூற்ற நூலில் ஒரு முழத்தைக் கதிரில் கட்டி, முனைவரை சாய்வாகச் சுற்றிக் கொணர்ந்து, அதன் நுனியைப் பஞ்சுத் திரியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். வலக்கை சுழற்ற, இடக்கை திரியை மெல்லப் பின்னிழுக்கும். நூல் கதிர்முனையிலிருந்து சாய்வாக நழுவும்வரை முறுக்கு ஏறும். போதிய முறுக்கு ஏறியபின் சக்கரத்தைச் சிறிது பின்னோக்கித் திருப்பி முனைச் சுற்றைக் கழற்றி, நூலைக் கதிருக்கு நேர்குறுக்காகப் பிடித்து முன்னோக்கிச் சுழற்றினால் கதிரில் சுற்றிக்கொள்ளும். இந்தப் பின்திருப்பலைத்தான் புதியவர் மறப்பர்.

தில்லி வாழ்வார்க்கு மட்டும் ஒரு சொல். இங்குக் கோடையின் வறண்ட காற்றில் இழை சிலிர்த்து, அடிக்கடி அறும். அது கைக்குற்றம் அன்று. அறையில் ஈரத்துணி தொங்கவிட்டு, விடியற்காலையில் நூற்றுப் பாருங்கள். மழைக்காலம் இன்னும் நல்லது. கன்னாட் பிளேசில் 2017ஆம் ஆண்டு நிறுவிய பெரிய எஃகு இராட்டையைப் பிள்ளைகள் கண்டிருப்பர். அது காண்பதற்கு, நம் பரணில் இருப்பது நூற்பதற்கு.

பந்தலின் வலப்புறத்தில் மூன்று இராட்டைகளை மால் கழற்றி வைத்திருக்கிறோம். திரியும் மெழுகும் உள. உணவுக்கு மணி அடிக்கும்வரை பிள்ளைகள் வந்து பூட்டலாம்; முதல் இழை அறுந்தாலும் அஞ்ச வேண்டா, திரி நிறைய இருக்கிறது.