மிருகங்களின் இரத்தமிழப்பும் இரத்தமேற்றலும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மாரிகாலத்துக் காலையிலே முதியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, நேற்றுப் பின்னேரம் வரைக்கும் மேய்ந்த ஆடு, விடியப் பார்த்தால் பட்டியிலே செத்துக் கிடக்குது" என்றார். யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்பது அவருடைய ஐயம். அயலவர் ஒருவரின் பெயர்கூட அவர் வாயில் வந்துவிட்டது. ஆட்டின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, நான்காம் இரைப்பையின் உட்சுவர் எங்கும், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியது போன்ற சிறு புழுக்கள் மொய்த்துக் கிடந்தன. இதயத்தில் எஞ்சியிருந்த இரத்தமோ செந்நிறம் குன்றி, நீர்த்துப் போயிருந்தது. அந்த ஆட்டுக்கு எவரும் நஞ்சு வைக்கவில்லை. ஒரு துளி இரத்தமும் நிலத்திற் சிந்தாமலே, பல நாட்களாக இரத்தமிழந்து அது இறந்திருந்தது.

கணக்கைக் கேளுங்கள். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஓர் ஆட்டின் உடலில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லீற்றர் இரத்தம் உண்டு. இப்புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சுவது 0.05 மில்லிலீற்றர்; ஒரு துளி என்று சொல்லலாம். ஆனால் புழுக்கள் ஆயிரமானால், அந்த ஆடு நாள்தோறும் 50 மில்லிலீற்றர் இரத்தத்தைக் கப்பமாகச் செலுத்துகின்றது. என்பின் மச்சை இரவு பகலாகப் புதிய இரத்தக் கலங்களை ஆக்கி இந்த நட்டத்தை ஈடுசெய்ய முயல்கின்றது. ஒரு நாள் அதனால் இயலாமற் போகின்றது. அந்த ஒரு நாளைத்தான் நாம் 'திடீர் மரணம்' என்கிறோம்.

இதனை முன்கூட்டியே அறிதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆட்டின் கீழிமையைப் பெருவிரலால் மெல்லக் கீழிறக்கி, உட்புறத்து நிறத்தைப் பகல் வெளிச்சத்திலே பாருங்கள். நல்ல சிவப்பாயின் கவலையில்லை. வெளிறிய இளஞ்சிவப்பாயின் எச்சரிக்கை. கடதாசி போல் வெளுத்திருந்தால் ஆபத்து. தென்னாபிரிக்க மிருக வைத்தியர்கள் இந்நிறங்களை ஐந்து படிகளாக வகுத்து, ஓர் அட்டையாகவே அச்சிட்டுத் தந்துள்ளனர். வெளிறிய ஆடுகளுக்கு மட்டும் புழுமருந்து கொடுப்பதால், மருந்துக்குப் பணியாத புழுக்கள் பெருகுவதும் தாமதமாகின்றது. தாடையின் கீழே நீர் கோத்துத் தொங்குவதும் இந்நோயின் குறியே.

இனி, கண்ணுக்குத் தெரிந்தே இரத்தம் போகும் சந்தர்ப்பங்களுக்கு வருவோம். வீதியிலே வாகனம் மோதிய நாய், முட்கம்பியிற் கிழிபட்ட மாடு, கன்று ஈன்றபின் கருப்பையிலிருந்து இரத்தம் பெருகும் பசு ஆகியன இவ்வகையின. காயத்திலே கோப்பித்தூளையும் சாம்பலையும் அப்பிக்கொண்டு வருபவர்கள் இன்றும் உளர். அவர்களின் நல்ல நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தூளைக் கழுவி எடுப்பதற்குள் பொன்னான நேரம் போய்விடுகின்றது. சுத்தமான துணியை மடித்து வைத்து, இடைவிடாது ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதனை எடுக்காது, அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். பின்னர் நாயின் முரசை விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தாமதித்தாலும், காதும் பாதமும் குளிர்ந்து நாடி மெலிந்து விரைந்தாலும், வயிற்றினுள்ளேயும் இரத்தம் ஒழுகுகின்றதோ என்று ஐயுற வேண்டும்.

இங்கே வைத்தியரையே ஏமாற்றக்கூடிய விடயம் ஒன்றுண்டு. விபத்து நேர்ந்த உடனே இரத்தத்தைப் பரிசோதித்தால், செங்கலங்களின் விகிதம் பெரும்பாலும் குறையாமலே இருக்கும். கலங்களும் நீரும் ஒரே அளவில் வெளியேறிவிட்டமையே காரணம். போதாக்குறைக்கு, நாயின் மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள செங்கலங்களை ஓட்டத்திலே கலந்துவிடும். ஆகவே அறிக்கையிலுள்ள எண்ணைக் கண்டு 'பயமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிய நாய், இரவிலே இறந்துபோவதுண்டு. சில மணி நேரங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்தாற்றான் உண்மை வெளிப்படும்.

இழந்த இரத்தத்துக்கு இன்னொரு பிராணியின் இரத்தத்தை ஏற்றலாம் என்னும் எண்ணம் புதியதன்று. இன்னும் சொல்லப்போனால், இந்த முறை மனிதனுக்கு வருமுன் நாய்க்கே வந்தது. இங்கிலாந்திலே ஒக்ஸ்போட் நகரில் றிச்சர்ட் லோவர் என்னும் வைத்தியர், ஒரு நாயை இரத்தமிழந்து சாகும் நிலைக்குக் கொண்டுவந்து, வேறொரு பெரிய நாயின் கழுத்து நாடியிலிருந்து குழாய் வழியே அதன் நாளத்துக்கு இரத்தத்தைப் பாய்ச்சினார். அவருடைய செய்முறை 1666 ஆம் ஆண்டிலே அச்சில் வெளிவந்தது. கட்டவிழ்த்தபோது அந்த நாய் மேசையிலிருந்து குதித்து, எசமானிடம் வாலாட்டி, உடலிற் படிந்த இரத்தம் போகப் புல்லிலே புரண்டதாம். இரத்தம் கொடுத்த நாய்களோ இறந்துபோயின. வாலாட்டிய நாயைப் பற்றி எழுதுவோர் அவற்றை அதிகம் நினைப்பதில்லை. 1667 இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் டெனி, ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றத் துணிந்தார். ஒருவர் இறந்ததும் வழக்கு எழுந்தது. இம்முயற்சி நெடுங்காலம் கைவிடப்பட்டது. உறையாமல் இரத்தத்தைப் போத்தலில் எடுத்துவைக்க சோடியம் சித்திரேற்று உதவும் என்பது 1914 ஆம் ஆண்டளவிலேதான் தெளிவாயிற்று.

மனிதரைப் போலவே பிராணிகளுக்கும் இரத்த இனங்கள் உண்டு; ஆனால் ஒவ்வொரு சாதிக்கும் விதி வேறு. நாய்க்கு முதன்முறை இரத்தம் ஏற்றும்போது, இனம் ஒவ்வாதிருந்தாலும் பெரும்பாலும் உடனடித் தீங்கு நேர்வதில்லை. ஏற்றிய இரத்தத்துக்கு எதிரான பொருள்கள் உடலில் உருவாகச் சில நாட்கள் செல்லும். எனவே இரண்டாம் முறை ஏற்றுமுன் இரு இரத்தங்களையும் பொருத்திப் பார்த்தே ஆகவேண்டும். பூனையின் கதை வேறு. பூனைகளில் ஏ, பீ, ஏபீ என மூவினம். பெரும்பாலானவை ஏ இனம். பீ இனப் பூனையின் உடலில் ஏ இனத்துக்கெதிரான வலிய பொருள் இயல்பாகவே இருப்பதால், சிறிதளவு ஏ இரத்தமும் அதனைக் கொன்றுவிடக்கூடும். அவசரமென்று பூனைக்குச் சோதியாமல் இரத்தம் ஏற்றுவதை நான் எக்காலத்தும் ஒப்பமாட்டேன். மாடுகளுக்கு எண்ணற்ற இனங்கள் இருந்தும், முதல் முறை பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆதலால் அதே பட்டியிலுள்ள 350 கிலோ எடையுள்ள நற்சுகமான பசுவிடமிருந்து மூன்று லீற்றர் வரை எடுத்து, சாகக் கிடக்கும் பசுவுக்குத் தொழுவத்திலேயே ஏற்றலாம்.

இரத்தமேற்றல் ஒரு தவணை மட்டுமே, நோயைத் தீர்ப்பதன்று. முத்திரைப் புடையன் தீண்டிய நாயின் இரத்தம் உறையுந் தன்மையை இழந்துவிடும். அதற்கு முதலில் வேண்டுவது விசமுறிவு மருந்து. எலிப்பாசாணம் தின்ற நாய்க்கு உயிர்ச்சத்து 'கே' பல வாரங்கள் கொடுக்க வேண்டும். கொழுக்கிப் புழுவால் வெளுத்த நாய்க்குட்டிக்குப் புழுமருந்தும், உண்ணிக் காய்ச்சற்காரனுக்கு அந்நோய்க்குரிய மருந்தும் கொடாமல் இரத்தத்தை மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாகும்.

"எங்கள் நாயிடம் இரத்தம் எடுத்தால் அது மெலிந்துபோகாதா?" என்று பலர் அஞ்சுகின்றனர். இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட, தடுப்பூசி போட்ட, உண்ணி நோய்கள் இல்லையென்று சோதிக்கப்பட்ட, வயது ஒன்றுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட நாய், 450 மில்லிலீற்றர் வரை கொடுக்கலாம். சில வாரங்களில் அது ஈடாகிவிடும். கொடுத்த நாய்க்கு அன்று நிறையத் தண்ணீரும் நல்ல உணவும் கொடுங்கள், ஓடவிடாதீர்கள். கழுத்துப்பட்டியை மட்டும் இரண்டொரு நாள் கழற்றி வையுங்கள். ஊசி குத்திய இடம் கழுத்திலேதான் இருக்கின்றது.