அழலும் அழற்சியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அழற்சி என்பது. தமிழ் கற்பிக்கும் பண்டிதர்க்கு உடம்பின் நோயைப் பற்றிப் பேச உரிமை யாதென்று சிலர் வினவக்கூடும். நோய் தீர்த்தல் மருத்துவர் தொழில். யாம் அதனுட் புகுகின்றிலேம். ஆயின், மருத்துவர் கூறுஞ் சொல்லுக்குப் பொருள் விளங்க உரைப்பது தமிழாசிரியர் கடமையன்றோ? பொருள் விளங்காமையால் மருந்தை இடையில் நிறுத்திவிடுவோர் நம்முள்ளும் உளர். அவர் பொருட்டே இச்சொற்பொழிவு.

அழல் என்பது தீ. அழலுதல் என்பது எரிதல். அவ்வடியாகப் பிறந்ததே அழற்சி என்னுஞ் சொல். காலில் முள் தைத்தால், அவ்விடம் சிவக்கின்றது; சுடுகின்றது; வீங்குகின்றது; வலிக்கின்றது. இந்நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் ரோம நாட்டு நூலாசிரியர் தொகுத்து வைத்தார். அவ்வுறுப்புத் தன் தொழில் செய்ய இயலாமற் போதல் என்னும் ஐந்தாங் குறியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோவ் சேர்த்தார். முள் தைத்த காலை ஊன்றி நடக்க மாட்டாமை இதற்கு எடுத்துக்காட்டு.

இக்குறிகள் எவ்வாறு தோன்றுகின்றன? முள்ளோடு நுண்கிருமிகள் உட்புகுந்தவுடன், அவ்விடத்துச் சிறு இரத்தக் குழாய்கள் அகலுகின்றன. மிகுதியான இரத்தம் வந்து பாய்தலின் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. குழாய்ச் சுவர்கள் நெகிழ்ந்து நீர் கசிதலின் வீக்கம் உண்டாகின்றது. அங்கே சுரக்கும் சில பொருள்கள் நரம்புகளைத் தூண்டுதலின் வலி உண்டாகின்றது. அந்நெகிழ்ந்த சுவர் வழியே இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் வெளிப்பட்டுச் சென்று கிருமிகளை விழுங்குகின்றன. புண்ணிற் காணும் சீழ் என்பது பெரும்பாலும் அப்போரில் மாண்ட வெள்ளணுக்களே.

இவ்வுண்மையைக் கண்டறிய வழிகாட்டியவர் ருஷிய நாட்டு அறிஞர் மெச்னிக்கோவ். அவர் 1882-ஆம் ஆண்டில் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடி போன்று உட்புறந் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் சிறு முட்களைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் நோக்க, நகர்ந்து திரியும் அணுக்கள் அம்முட்களைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. இவ்வழியில் அவர் செய்த ஆராய்ச்சிகளுக்காக 1908-இல் அவர்க்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

எனவே, அழற்சி என்பது பகையன்று. காவல் என்று அறிக. அடுப்பிலே தீ இல்லையேல் அன்னமில்லை. ஆயினும் சமையல் முடிந்தபின் தீ அவிக்கப்படல் வேண்டும். நம்முடம்பும் தான் மூட்டிய தீயைத் தானே அவிக்கும் இயல்பு வாய்ந்தது. கிருமி ஒழிந்தபின் அதற்கென வேறு பொருள்கள் சுரந்து, வெள்ளணுக்களை அடக்கிப் புண்ணை ஆற்றுகின்றன. கேடு விளைவது இரண்டு வழிகளால்: தீ அவியாது கனன்று கொண்டிருத்தல் ஒன்று, பகைவனென்று எண்ணித் தன்னையே எரித்தல் மற்றொன்று.

இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நோய் ஒன்றைப் பற்றித் தாய்மார்கள் சிறிது செவி சாய்த்துக் கேட்க வேண்டுகின்றோம். அது கீல்வாதக் காய்ச்சல் என்பது. மருத்துவர் ருமாட்டிக் காய்ச்சல் என்பர். பெரும்பாலும் 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே அது பற்றும். முதலில் பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் உண்டாகும். அவ்வலி தானே தணிந்துவிடும். இரண்டு மூன்று வாரங் கழித்து முழங்காலோ கணுக்காலோ வீங்கி வலிக்கும். ஒரு மூட்டு ஆற, மற்றொரு மூட்டு வீங்கும். "ஓடியாடி விளையாடியதனால் வந்த வலி" என்று பெற்றோர் கருதுவர். அதுவும் சில வாரங்களில் நீங்கிவிடும். அவ்வளவில் நோய் தீர்ந்ததென்று எண்ணுதலே பெரும்பிழை.

நிகழ்ந்தது யாதெனில், தொண்டையிற் புகுந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி வகை. அதனை அழிக்க எழுந்த காவற்படை, அக்கிருமியின் சாயல் நம் இருதயத்திலும் காணப்படுதலின், ஆள் மயங்கி இருதயத்தையே தாக்கத் தொடங்குகின்றது. இரத்தம் ஒருவழிச் செல்லுமாறு திறந்து மூடும் இருதயக் கதவங்கள், அதாவது வால்வுகள், அழன்று தழும்பேறித் தடிக்கின்றன. இந்நோய் மூட்டை நக்கும், இருதயத்தைக் கடிக்கும் என்பது மருத்துவரிடையே வழங்கும் ஒரு பழஞ்சொல். வலித்த மூட்டு வடுவின்றி ஆறுகின்றது. வலியாத இருதயமோ வாணாள் முழுதும் வருந்துகின்றது. யாம் இன்று கூற விரும்பும் உண்மை இஃதொன்றே: வலிக்கும் அழற்சியினும் வலியாத அழற்சிக்கே மிகுதியும் அஞ்சுதல் வேண்டும்.

இதற்குக் காப்பு உண்டு. தொண்டை வலிகளிற் பெரும்பாலன மருந்தின்றியே ஆறுவன. ஆயின், சளியும் இருமலுமின்றிக் காய்ச்சலும், விழுங்குங்கால் மிக்க வலியும், தாடையின் கீழ் நெறிகட்டுதலும் காணின், பிள்ளையை மருத்துவரிடம் காட்டுக. அவர் பெனிசிலின் முதலிய மருந்து தருவாராயின், இரண்டு நாளில் வலி நின்றது கண்டு நிறுத்தாது, அவர் குறித்த நாள் முழுதும் கொடுக்க. கீல்வாதக் காய்ச்சல் ஒருமுறை கண்ட பிள்ளைக்கு, அது மீண்டும் வாராதபடி மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் இடுவர். ஒவ்வொரு முறை நோய் திரும்புங்காலும் இருதயக் கதவங்கள் மேலும் பழுதுறும். ஆதலின் ஊசி ஒன்றும் தவறலாகாது.

இங்கே நம் இல்லங்களுக்கென ஒன்று கூறுதல் வேண்டும். பெண்ணுக்கு மணப்பேச்சுத் தொடங்கியவுடன், மாதந்தோறும் ஊசி போடும் செய்தி வெளித்தெரியின் சம்பந்தம் கலையுமென்று அஞ்சி, ஊசியை நிறுத்திவிடும் வழக்கம் சில குடும்பங்களில் உளது. பழுதுற்ற கதவம் கன்னிப் பருவத்தில் யாதொரு துன்பமுங் காட்டாதிருக்கலாம். கருவுற்ற காலத்திலோ இரத்த ஓட்டம் பெருகுதலின், குறுகிய கதவத்தின் வழியே அது செல்லமாட்டாது, நுரையீரலில் நீர் தேங்கி மூச்சுத் திணறும். உயிர்க்கே இறுதி நேரவுங் கூடும். முன்னரே அறிவித்தால் மருத்துவர் காக்க வல்லர். பலர் நலமே மகப்பெறுகின்றனர். மறைத்த நோயே மகளைக் கொல்லும். பெண் கொடுப்போர் உண்மை உரைக்கும் துணிவும், பெண் கொள்வோர் அதனை ஏற்கும் பெருந்தன்மையும் பெறுவாராயின், அதனினும் சிறந்த சீர் பிறிதில்லை.

இனிப் பெரியோர்க்கு ஒரு சொல். முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்போர் உளர். ஆஸ்பிரின் முதலியன, அழற்சியை வளர்க்கும் பிராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகாதபடி தடுக்கின்றன என்று 1971-இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் வேன் விளக்கினார். அப்பொருள்களே இரைப்பையின் உட்தோலையும் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தையும் காப்பனவும் ஆம். ஆகவே, கேளாது நெடுநாள் உண்ணின், மூட்டு நலமுற வயிறு புண்படும், சிறுநீரகம் கெடும்.

மாரடைப்புக்கு ஏதுவாய் இரத்தக் குழாயிற் படியும் கொழுப்பிலும் வலியாத அழற்சி உண்டென்று இக்காலத்தார் கண்டுள்ளனர். முன்பு மாரடைப்புற்ற பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து நிகழ்த்திய ஆராய்ச்சியொன்றின் முடிவு 1917-ஆம் ஆண்டிற்கு நூறாண்டு பின்னர், 2017-இல், வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்காது அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்தால், மீண்டும் மாரடைப்பு வருதல் ஓரளவு குறைந்தது. ஆயின் அம்மருந்துண்டோருள் கிருமித்தொற்றால் இறந்தோர் சற்று மிகுந்தனர். காவலைத் தளர்த்தின் கள்வன் புகுவான் என்பது இதனால் விளங்கும். ஆதலின் மருந்தை மட்டும் நம்பாது, புகையிலையை விலக்குதல், ஈறுகளைத் தூய்மையாக வைத்தல், வயிற்றுக் கொழுப்பைக் குறைத்தல், நாடோறும் நடத்தல் என்னும் இவற்றைக் கைக்கொள்க. தீக்கு விறகிடாமையே தீயை அவிக்கும் எளிய வழி.

அன்பர்களே! இன்றிரவு வீடு சென்றதும், தத்தம் பிள்ளைகளை அழைத்து, அண்மையில் தொண்டை வலியோ மூட்டு வீக்கமோ கண்டதுண்டா என்று வினவுக. ஊசி போட்டுவரும் பிள்ளை இல்லத்தில் இருப்பின், அடுத்த ஊசி என்று வருவதென நாட்காட்டியிற் குறித்து வைக்க. இவ்வளவு செய்வீராயின் யாம் பேசியது பயனுடைத்தாகும்.