இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு?
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் லயத்தில் இனிப்பு நீருக்கு ஊசி போட்டு வந்த ஒரு தம்பி, ஊசியை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காளின் மாத்திரையை வாங்கி விழுங்கினார். "வியாதி ஒன்றுதானே" என்பது அவர் கணக்கு. மூன்றாம் நாள் மூச்சு வாங்கி, நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

பெயர் ஒன்றுதான், வியாதி ஒன்றல்ல. 1921இல் கனடாவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பின் வெகுகாலம், இனிப்பு நீர் என்றாலே உடம்பில் இன்சுலின் இல்லை என்றுதான் பலரும் எண்ணினர். இரத்தத்தில் அது மிகச் சொற்பமாதலால் சரியாக அளக்க வழியில்லை.

அந்த வழியை 1959–60இல் நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற அம்மையாரும் டாக்டர் சாலமன் பெர்சனும் கண்டார்கள். இருபது பேர் மட்டும் ஏறக்கூடிய லாரி ஒன்று. சிவப்புத் துண்டு கட்டிய இருபது பேரை அனுப்புகிறோம். துண்டு கட்டாத கூட்டமும் முண்டியடிக்கிறது. லாரியில் சிவப்புத் துண்டு குறையக் குறைய, அந்தக் கூட்டம் பெரிது என்று தெரிந்துவிடும் அல்லவா? லாரி என்பது இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள். சிவப்புத் துண்டு என்பது கதிரியக்க அயோடின். மற்றக் கூட்டம் நோயாளியின் சொந்த இன்சுலின். இந்த முறைக்கு அவர்கள் உரிமைப் பத்திரம் எடுத்துப் பணம் பண்ணவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார்.

அளந்து பார்த்தால், நடுவயதில் நோய் கண்ட பலருக்கு இன்சுலின் தாராளமாகவே இருந்தது! உடம்புதான் அதன் சொல்லைக் கேட்கவில்லை. அக்காளின் மாத்திரை இப்படிப்பட்டவர்களுக்கு உதவும். தம்பிக்கோ சுரப்பே நின்றுவிட்டது. பால் வற்றிய மரத்தில் எத்தனை முறை கத்தி போட்டாலும் கோப்பை நிறையுமா?

ஊசி போடுகிறவரிடம் இன்சுலினை அளந்தால் ஊசி மருந்தும் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே சி-பெப்டைட் என்பதை அளக்கிறார்கள். கணையம் இன்சுலின் செய்யும்போது வெட்டுப்பட்டு விழும் துண்டு அது. ஊசி மருந்தில் இராது. எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. வழக்கமாகச் சர்க்கரையைப் பார்த்தாலே போதும். எந்த வகை என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் எடுப்பார்.

மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் பல வருஷம் கழித்துச் சுரப்பு குறைந்து ஊசி தேவைப்படலாம். அது அவர் செய்த குற்றமன்று.

தம்பிக்குப் பிறகு அந்தச் சோதனையை எடுத்தார்கள். சொந்தச் சுரப்பு அநேகமாக ஒன்றுமே இல்லை. இப்போது பெரட்டுக்குப் போகுமுன் ஊசியைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார். பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், கேள்வி இருந்தால் அவரையும் கேட்கலாம்.